கையெழுத்துப் போட்டது நான்தானே?

அன்புள்ள அக்கா,

என் அம்மாவுக்கு 62 வயது. ஒரு வருடமாகப் பித்தப்பையில் கல். மூன்று முறை வலி வந்து ராத்திரியில் ஆட்டோ பிடித்து ஓடியிருக்கிறோம். "வயித்துல கத்தி வைக்க வேணாம்டி, கஷாயம் குடிச்சுக்கறேன்" என்றுதான் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். நான்தான் பிடிவாதம் பிடித்து ஆபரேஷனுக்கு அழைத்துப் போனேன். சின்னத் துளை போட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பிதான், மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். இன்று 12ஆம் நாள். பாதியில் வயிற்றைத் திறக்க வேண்டியதாகிவிட்டது, பித்த நாளத்தில் காயம் என்றார்கள். பிறகு நாளத்துக்குள் ஸ்டென்ட் என்ற சின்னக் குழாய் வைத்தார்கள். வயிற்றிலிருந்து வெளியே விட்டிருக்கும் டிரெயின் குழாயில் இன்னும் பித்தநீர் வருகிறது. ஐசியூவில்தான் இருக்கிறாள்.

நேற்று என்னைப் பார்த்து, "யாரு நீ? மாடு அவுந்து நிக்குது, கட்டிட்டு வா" என்றாள். எங்கள் வீட்டில் மாடு இருந்து 20 வருடமாகிறது. அப்பா யாரிடமும் பேசுவதில்லை. தம்பி கேஸ் போடுவேன் என்கிறான். அத்தை, "நல்லா நடமாடிக்கிட்டு இருந்தவள..." என்று ஆரம்பித்து என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள். கன்சென்ட் பேப்பரில் கையெழுத்துப் போட்டது நான்தான். தியேட்டருக்குப் போகும் முன் கழற்றித் தந்த தாலி, மூக்குத்தி, கண்ணாடி எல்லாம் என் கைப்பையில் கிடக்கின்றன. அந்த ஜிப்பைத் திறக்கவே கை வரவில்லை.

ம.

அன்புள்ள ம.,

முதலில் அந்த மாட்டைப் பற்றி. அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்துத்தான் அழுதிருப்பீர்கள். ஐசியூவில் இருக்கும் வயதானவர்களுக்கு இந்தக் குழப்பம் மிகவும் சகஜம். டெலிரியம் என்பார்கள். மயக்க மருந்து, வலி மருந்து, உடம்பில் உள்ள தொற்று, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை. அங்கே இரவும் கிடையாது, பகலும் கிடையாது, எப்போதும் அதே டியூப்லைட். பெரும்பாலும் உடம்பு தேறத் தேற இது தெளியும். சிலருக்கு நாளாகும். ஆனாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். தொற்று கூடினாலும் குழப்பம் கூடும் என்பதால் அவர்களுக்கு அது தெரிய வேண்டும்.

என் அப்பாவுக்கும் இப்படி ஆனது. பைபாஸ், முன்கூட்டியே தேதி குறித்துச் செய்தது. அன்று இரவே ரத்தக் கசிவு என்று மறுபடி நெஞ்சைத் திறந்தார்கள். ஒரு வாரம் என்றது 23 நாள் ஆயிற்று. ஆறாம் நாள், கட்டிலுக்கு அடியில் டிராக்டர் நிற்கிறது, நகர்த்தச் சொல் என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். டிராக்டர் எங்கேப்பா இருக்கு என்று நான் வாதாட வாதாட அவருக்குப் பதற்றம் கூடியது. பக்கத்துப் படுக்கைக்கு வந்த சிஸ்டர் போகிற போக்கில், "நான் பாத்துக்கறேன் ஐயா, நீங்க தூங்குங்க. நீங்க ஆஸ்பத்திரில இருக்கீங்க, உங்க பொண்ணு வந்திருக்கு" என்றார். பிடி தளர்ந்தது. பத்து நிமிடத்தில் தூங்கிவிட்டார். அதற்கப்புறம் நானும் வாதாடவில்லை. "பயப்படாதீங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லுங்கள். கூடவே இன்று என்ன கிழமை, இது எந்த இடம், நீங்கள் யார் என்பதையும் ஒவ்வொரு முறையும் நிதானமாகச் சொல்லுங்கள்.

சரி, கையெழுத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதம் முழுக்க இதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

மூன்று முறை வலி வந்த பித்தப்பையை அப்படியே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கலாம் என்பதையும் கணக்கில் சேருங்கள். கல் நழுவிப் பித்த நாளத்தை அடைத்தால் மஞ்சள் காமாலை வரும். கணையத்தின் வாயை அடைத்தால் கணைய அழற்சி வரும், அது உயிரையே கேட்கும். கஷாயத்தில் அந்தக் கல் கரைந்திருக்காது. உங்கள் கையில் அன்றைக்கு இருந்த தகவல் அவ்வளவுதான், அதை வைத்து நீங்கள் எடுத்தது சரியான முடிவு. 12ஆம் நாளில் நின்றுகொண்டு முதல் நாளில் நின்றவளைக் குற்றவாளியாக்குகிறீர்கள். அவளுக்கு இதெல்லாம் தெரியாது, ம. இன்னொன்று, அம்மா சுயநினைவோடு இருந்தவர். அப்படிப்பட்டவருக்கு அவருடைய சம்மதம்தான் சம்மதம். உச்ச நீதிமன்றமே 2008இல் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அவரும் ஒப்புக்கொண்டுதான் தியேட்டருக்குள் போனார், தாலியைக் கழற்றி உங்கள் கையில் தந்துவிட்டுப் போனார்.

இந்தக் காயம் எப்படி நடக்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். திரும்பத் திரும்ப வீங்கிய பித்தப்பை சுற்றியிருக்கும் சதையோடு ஒட்டிக்கொள்கிறது. வெட்ட வேண்டிய சின்னக் குழாயும் தொடக் கூடாத பெரிய நாளமும் ஒன்றுபோலத் தெரியும். லேப்ராஸ்கோப்பியில் ஆயிரம் பேரில் மூன்று முதல் ஐந்து பேருக்கு இப்படி ஆகிறது என்பது மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. பாதியில் வயிற்றைத் திறப்பதும் பல நேரம் ஆபத்தைப் பார்த்து எடுக்கும் பாதுகாப்பான முடிவுதான். 1953 ஏப்ரலில் லண்டனில் பிரிட்டனின் வெளியுறவு அமைச்சர் ஆண்டனி ஈடனுக்கே பித்தப்பை ஆபரேஷனில் பித்த நாளம் காயப்பட்டது. அங்கேயே மறுபடி திறந்தார்கள், போதவில்லை. ஜூனில் அமெரிக்காவின் பாஸ்டனுக்குப் போய், இதிலேயே பழகிய ரிச்சர்ட் கேட்டல் என்ற நிபுணரிடம் சரிசெய்துகொண்டார். 1955இல் பிரதமரானார், 1977 வரை உயிரோடு இருந்தார். ஆனால் நடுவில் அவரைக் காய்ச்சல் விட்டு விட்டுத் தாக்கியது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் அம்மா வீட்டுக்கு வந்த பிறகு குளிர்காய்ச்சல் வந்தாலோ கண் மஞ்சளானாலோ நீங்கள் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

ஈடன் செய்ததில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. இந்த நாளத்தைச் சரிசெய்வதில் பழகிய கை முக்கியம். ஸ்டென்ட் மட்டும் போதுமா, குடலோடு இணைக்கும் ஆபரேஷன் வேண்டுமா, அதை யார் செய்வார்கள், இதுவரை எத்தனை செய்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். கல்லீரல், பித்த நாள ஆபரேஷனில் தேர்ந்த சர்ஜிக்கல் கேஸ்ட்ரோ மருத்துவர் ஒருவரின் கருத்தை வாங்குங்கள். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இதற்கென்றே தனித் துறை இருக்கிறது. கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்காதீர்கள். நான் தயங்கினேன், அந்த நான்கு நாட்களை இன்னும் மறக்க முடியவில்லை.

தம்பியின் கோபம் நியாயமா இல்லையா என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது. சிக்கல் வந்ததாலேயே அது அலட்சியம் ஆகிவிடாது. அதே சமயம் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு. எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கேஸ் ஷீட்டின் நகலைத் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதியே இருக்கிறது. அந்த வேலையைத் தம்பியிடம் கொடுங்கள். ஆபரேஷன் நோட்ஸ், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் வாங்கி ஒரு ஃபைலில் அடுக்கட்டும். இரண்டாவது டாக்டரிடம் போக எப்படியும் அது வேண்டும். கேஸ் போடுவதா வேண்டாமா என்பதை அம்மா எழுந்து உட்கார்ந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

டாக்டரிடம் பேசுவது ஒரே ஆளாக இருக்கட்டும், அது நீங்களாகவே இருக்கட்டும். 40 பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். டிரெயினில் எத்தனை மில்லி, காய்ச்சல் எவ்வளவு, டாக்டர் சொன்ன வார்த்தை என்ன என்று தினம் எழுதுங்கள். எங்கள் வீட்டில் நாலு பேர் நாலு விதமாகக் கேட்டு வந்து வராண்டாவில் சண்டை போட்டோம்.

அப்பாவை விடாதீர்கள். பேசச் சொல்ல வேண்டாம், ஒரு வேலை கொடுங்கள். காலை டீயும் இட்லியும் வாங்கி வருவது, மருந்துச் சீட்டோடு ஃபார்மசி வரிசையில் நிற்பது, இப்படி ஏதாவது. இரவு வராண்டாவில் இருப்பதை மூன்று பேரும் முறை வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஒருநாள் விட்டு ஒருநாளாவது வீட்டுக்குப் போய்க் குளித்து, படுத்துத் தூங்க வேண்டும். அத்தை சொன்னது வலிக்கத்தான் செய்யும். அவருக்கும் பயம்தான், அது உங்கள் மேல் விழுந்திருக்கிறது.

எல்லாம் சரியாகிவிடும் என்று நான் எழுதப் போவதில்லை. அப்போது அப்படிச் சொன்னவர்களிடம் எனக்கு முகம்கொடுத்துப் பேசக்கூடப் பிடிக்கவில்லை. என் அப்பா வீட்டுக்கு வந்தார், ஆனால் பழைய அப்பாவாக வரவில்லை. மாடிக்கு ஏறுவது நின்றுபோனது, கீழ் அறையிலேயே கட்டில் போட்டோம். அந்த அப்பாவோடு வாழப் பழகிக்கொண்டோம், நெருக்கமாகவே வாழ்ந்தோம்.

உங்கள் கைப்பையில் அம்மாவின் கண்ணாடி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். 12 நாளாக அவருக்கு எதுவும் சரியாகத் தெரியவில்லை, ம. டாக்டர் முகம், சுவர்க் கடிகாரம், நீங்கள், எல்லாமே மங்கல். ஐசியூவில் குழப்பம் வந்தவர்களுக்குக் கண்ணாடியையும் காது மெஷினையும் போட்டுவிடச் சொல்லி மருத்துவர்களே சொல்கிறார்கள். தாலியும் மூக்குத்தியும் இன்னும் கொஞ்ச நாள் உங்களிடமே இருக்கட்டும். நாளைக் காலை பார்வை நேரத்துக்கு முன் அந்த ஜிப்பைத் திறங்கள். கண்ணாடியைத் துப்பட்டாவில் துடைத்து, சிஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, நீங்களே அம்மாவுக்கு மாட்டிவிடுங்கள். அப்புறம் கொஞ்ச நேரம் அவர் எதிரிலேயே நில்லுங்கள்.