மே மாதச் சம்பளம் இல்லை, என்ன செய்யலாம்?

வணக்கம் டீச்சர். மெட்ரிக் பள்ளியில் பத்தாம் வகுப்புக் கணக்கு எடுக்கிறீர்கள், மே மாதம் சம்பளம் கிடையாது, வீட்டில் டியூஷன் ஆரம்பிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். முதலில் உங்கள் நியமன ஆணையை எடுத்து, டியூஷனுக்குத் தடை இருக்கிறதா என்று பாருங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவும் ஆசிரியர் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது என்றுதான் சொல்கிறது. பலர் எடுக்கிறார்கள், அது வேறு கதை.

நானாக இருந்தால் கைடு போடும் பதிப்பகங்களிடம் பிழை திருத்தும் வேலை இருக்கிறதா என்றுதான் கேட்பேன். பள்ளி திறப்பதற்குள் புத்தகம் கடைக்கு வர வேண்டும் என்பதால் கோடையில் அங்கே வேலை நெருக்கும். பிழை திருத்துவது என்றால் எழுத்துப்பிழை மட்டும் இல்லை. ஒவ்வொரு கணக்கையும் நீங்களே போட்டுப் பார்க்க வேண்டும். வடிவியலில் படத்தில் ஒரு எழுத்து இருக்கும், விடையில் வேறு எழுத்து இருக்கும். வகுப்பில் பாடம் எடுப்பவர் கண்ணுக்குத்தான் அது சட்டென்று தட்டுப்படும்.

பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசிக்கொள்ளுங்கள். ஒரு பாடம் முடித்ததும் அதற்கான பணத்தை வாங்கிவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். பள்ளி நிர்வாகத்திடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அப்புறம், 'வேலை தருகிறோம், முன்பணம் கட்டுங்கள்' என்று வரும் வாட்ஸ்அப் செய்திகளுக்குப் பதிலே போடாதீர்கள்.