‘கலைக்கப்பட்டனர்’ என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது?

கேள்வி: முதுகலை ஆய்வேட்டுக்காக 19ஆம் நூற்றாண்டு ஆஸ்திரேலிய நாளேடுகளை ட்ரோவ் இணையக் காப்பகத்தில் படித்துவருகிறேன். குடியேறிகளுக்கும் பூர்வகுடிகளுக்கும் நடந்த மோதல் செய்திகள் பல, ‘கறுப்பர்கள் கலைக்கப்பட்டனர்’ என்று முடிந்துவிடுகின்றன. இவற்றைச் சான்றாகக் கொள்ளலாமா?

பதில்: கொள்ளலாம், ஆனால் எதற்குச் சான்று என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். போலீசார் கூட்டத்தைக் கலைத்தனர் என்று படித்துப் பழகிய நமக்கு அந்தச் சொல் சாதுவாகத் தெரியும் (நம் ஊரிலும் அது அவ்வளவு சாதுவானதல்ல என்பது வேறு கதை). குயின்ஸ்லாந்தில் பூர்வகுடிப் போலீஸ் படையை (வெள்ளை அதிகாரிகளின் கீழ் பூர்வகுடிகளையே காவலர்களாகக் கொண்ட படை) பற்றிய செய்திகளிலோ, அது பெரும்பாலும் சுட்டுக் கொன்றதை மறைக்கும் இடக்கரடக்கலாகவே வழங்கியது. எத்தனை பேர், யார் சுட்டது என்ற விவரம் செய்தியில் இல்லையென்றால், அந்த மௌனத்தையே தரவாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரே நிகழ்வைப் பல ஏடுகளிலும் நீதிமன்றப் பதிவிலும் ஒப்பிடுவதே நல்ல வழி. அதற்கு மயல் க்ரீக் பண்ணைப் படுகொலையை எடுத்துக்கொள்ளுங்கள். 1838 ஜூன் 10 அன்று நியூ சவுத் வேல்ஸின் அந்தப் பண்ணையில், குறைந்தது 28 விர்ரயராய் பூர்வகுடி மக்களைக் குதிரையில் வந்த ஆயுதக் கும்பலொன்று கயிற்றால் பிணைத்து இழுத்துச் சென்று கொன்றது; கொல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். பதினொரு பேர் மீது வழக்கு நடந்தபோது ‘சிட்னி ஹெரால்ட்’, வழக்கு ஆவணங்களை அச்சிடும் செலவுக்குக்கூடப் பூர்வகுடிகள் ஈடாகமாட்டார்கள் என்ற பொருள்பட எழுதியது. எட்வர்ட் ஸ்மித் ஹால் நடத்திய ‘சிட்னி மானிட்டர்’ எதிர்நிலை எடுத்தது. முதல் விசாரணையில் அனைவரும் விடுதலையாயினர். மறுவிசாரணைக்குப் பின் அவர்களில் ஏழு பேர் அவ்வாண்டு டிசம்பரில் தூக்கிலிடப்பட்டனர். ஹெரால்டின் வழிவந்த ‘சிட்னி மார்னிங் ஹெரால்ட்’ அந்த எழுத்துக்காக 2023இல் மன்னிப்புக் கேட்டது.

ஆனால் நீதிமன்றப் பதிவும் முழுமையானதல்ல. பண்ணையில் வேலைபார்த்த டேவி என்னும் பூர்வகுடி இளைஞர் கொலையை நேரில் கண்டிருந்தும், கிறித்தவ முறைப்படி சத்தியப்பிரமாணம் செய்ய இயலாதவர் என்பதால் அவருடைய சாட்சியம் ஏற்கப்படவில்லை. நாளேட்டில் அவர் குரல் இல்லாததற்கு ஆசிரியரின் வெறுப்பு மட்டுமல்ல, சட்டமும் காரணம்.

எல்லா ஏடுகளையும் ஒரே தட்டில் வைத்துவிடாதீர்கள். 1880இல் ‘குயின்ஸ்லாந்தர்’ ஏட்டில் பத்திரிகையாளர் கார்ல் ஃபைல்பெர்க் பூர்வகுடிப் போலீசின் கொடுமைகளைத் தொடர்ந்து அம்பலப்படுத்தினார். அதற்கு வந்த வாசகர் கடிதங்கள் தலையங்கத்தைவிட உங்களுக்குப் பயன்படும் என்பது என் கருத்து.

தேடும்போது ‘கொலை’ என்ற சொல்லோடு நின்றுவிடாமல், ‘கலைத்தல்’, ‘அட்டூழியம்’, ‘பாடம் புகட்டல்’ ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களையும் பண்ணைப் பெயர்களோடு சேர்த்துத் தேடுங்கள். தேடலில் வரும் உரை, பக்கப் படத்திலிருந்து கணினி வாசித்து எடுத்தது என்பதால் பிழைகள் மலிந்திருக்கும். மேற்கோள் எடுக்குமுன் பக்கத்தின் படத்தைத் திறந்து சரிபார்த்துவிடுங்கள்.