12ஆம் நாள் முட்டைப்பையில் கை வைக்கலாமா?

கேள்வி: கர்லி ஹேர் டரான்டுலா (வீட்டில் வளர்க்கும் பெரிய சிலந்தி வகை) ஜோடியைச் சேர்த்து 4 மாதம் ஆகிறது. 12 நாளுக்கு முன் பெண் முட்டைப்பை கட்டியது. சாப்பிடாமல் அதை அணைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறது. விட்டுவைத்தால் தின்றுவிடும் என்கிறார்கள். இப்போதே எடுத்துவிடலாமா? பொரிக்கவைக்கும் பெட்டியை வீட்டிலேயே எப்படிச் செய்வது?

பதில்: ஜோடி சேர்த்த பிறகு அந்தப் பெண் ஒருமுறையாவது தோலுரித்ததா என்று முதலில் யோசித்துப் பாருங்கள். ஆணிடம் வாங்கிய விந்தைச் சேமிக்கும் பையின் உட்தோலும் தோலுரிக்கும்போது கழன்றுவிடும், விந்தும் அதோடு போய்விடும். அப்படி நடந்திருந்தால் இப்போதுள்ள பையில் குஞ்சு வராது. உரிக்கவில்லை என்றால் தொடர்ந்து படியுங்கள்.

12ஆம் நாளில் எடுக்காதீர்கள். உள்ளே நூற்றுக்கணக்கான முட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று கிடக்கின்றன. அசையாமல் இருந்தால் அடியில் உள்ளவை மேலேயுள்ள பாரத்தில் நசுங்கி ஒட்டிக்கொள்ளும். தாய் பையை அவ்வப்போது உருட்டுவது இதற்காகத்தான். காய்ந்தால் ஈரத்தின் பக்கம் நகர்த்தும், ஈரம் மிஞ்சினால் தூக்கிப் பிடிக்கும். இப்போது எடுத்தால் அந்த வேலை உங்கள் தலையில் விழும்: ஒரு நாளைக்கு நாலைந்து முறை, கால் சுற்று வீதம், மெதுவாக உருட்ட வேண்டும். ஒரு நாள் விட்டாலும் வம்பு. 26–28 டிகிரி வெப்பத்தில் 30 முதல் 35ஆம் நாள் வரை தாயிடம் விட்டுவைப்பதே நல்லது.

தின்றுவிடும் என்ற பயம் பொய்யல்ல. ஆனால் பெரும்பாலும் அதிர்ச்சி, வறட்சி, கெட்ட முட்டை, இந்த மூன்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். தொட்டியை இருட்டான, யாரும் நடமாடாத இடத்தில் வையுங்கள். டார்ச் அடித்துப் பார்ப்பதைக் குறையுங்கள். தண்ணீர்க் கிண்ணம் நிறைந்திருக்கட்டும். உயிருள்ள பூச்சி எதையும் உள்ளே விடாதீர்கள், தீனியாகப் போடும் கிரிக்கெட் பூச்சி பையைக் கடித்து ஓட்டை போட்டுவிடும். இந்த ஒரு மாதம் பட்டினி கிடப்பதால் தாய்க்கு ஒன்றும் ஆகாது. பையைத் தூர எறிந்துவிட்டு அது வேறு மூலையில் போய் உட்கார்ந்தாலோ, பை ஈரமாகி நாற்றம் அடித்தாலோ மட்டும் நாள் கணக்குப் பார்க்காமல் உடனே எடுங்கள்.

பெட்டியை இப்போதே செய்து, வெப்பமானி வைத்து ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். 1 லிட்டர் மூடி டப்பா ஒன்று எடுத்து, அடியில் 2 செ.மீ. உயரத்துக்கு நனைத்துப் பிழிந்த வெர்மிகுலைட் (ஈரம் பிடித்துவைக்கும் கனிமத் துகள்) அல்லது டிஷ்யூ பேப்பர் போடுங்கள். சிறிய பிளாஸ்டிக் கப் ஒன்றின் அடியை வெட்டிவிட்டு, அங்கே காபி ஃபில்டர் தாளைத் தொட்டில் மாதிரி லேசாகத் தொய்யவிட்டு ரப்பர் பேண்டால் கட்டுங்கள். இந்தக் கப் ஈரத்துக்கு 4–5 செ.மீ. மேலே நிற்க வேண்டும். ஈரம் காற்றில் இருக்கலாம், முட்டைமேல் படக்கூடாது. இந்த முயற்சியில் தோற்பவர்களில் பலர் கோட்டைவிடுவது இங்கேதான். மூடியில் ஊசியால் 10–15 துளை போட்டு, மேலே மெல்லிய துணி ஒட்டுங்கள். இல்லாவிட்டால் ஃபோரிட் என்ற குட்டி ஈ நுழைந்து முட்டையிட்டு, அதன் புழுக்கள் எல்லாவற்றையும் முடித்துவிடும். டப்பாவைச் சற்றே சாய்த்து வைத்தால் மூடியில் கோக்கும் நீர் முட்டைமேல் சொட்டாமல் சுவர் வழியே இறங்கிவிடும். ஹீட் பேடை நேராக அடியில் வைக்காதீர்கள். தெர்மோஸ்டாட் (வெப்பத்தை ஒரே அளவில் வைக்கும் கருவி) போட்ட பெரிய பெட்டிக்குள் இந்த டப்பா இருக்கட்டும்.

எடுக்கும் நாளில் கையுறை, முகக்கவசம், கண்ணாடி மூன்றும் கட்டாயம். கர்லி ஹேர் வயிற்றிலிருந்து அரிக்கும் முடியை உதறும். அதன் உறவினங்களில் சில பையின் பட்டிலேயே அந்த முடியைச் சேர்த்து நெய்வதும் உண்டு. நீளமான இடுக்கி, மென்மையான தூரிகை, தாயை மூடும் அளவுக்கு ஒரு கப், இவை போதும். தூரிகையால் பின்னங்காலைத் தொட்டுத் தொட்டு நகர்த்துங்கள். அப்படியும் விடாமல் பிடித்திருந்தால், பையை இடுக்கியால் பற்றி இழுபறி செய்யாமல் நிதானமாகப் பிடித்திருங்கள், சற்று நேரத்தில் பிடி தளரும். பை கைக்கு வரும்முன் தாய் கப்புக்குள் இருக்க வேண்டும்.

வெள்ளைத் தட்டில் வைத்து, முனை மழுங்கிய சிறு கத்தரியால் விளிம்பில் தெரியும் மடிப்போடு வெட்டுங்கள். பட்டைத் தூக்கிப் பிடித்தே வெட்டினால் உள்ளே இருப்பது வெட்டுப்படாது. நல்ல முட்டை வெளிர் மஞ்சளாய், தெர்மாகோல் மணி போல உருண்டு, தனித்தனியாக ஓடும். பழுப்பேறியது, குழி விழுந்தது, கொத்தாக ஒட்டியது எல்லாம் கெட்டவை. அன்றே பொறுக்கி எறியுங்கள். செத்த முட்டையில் பிடிக்கும் பூசணம் நூல் விட்டுப் பக்கத்து முட்டைக்கும் தாவும். 30 நாளுக்கு மேல் என்றால் பெரும்பாலும் கால் முளைத்த முட்டைகளைத்தான் பார்ப்பீர்கள்: உருண்டையின் ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி போன்ற எட்டுக் கால்கள், நடக்கத் தெரியாமல் நெளியும். தாள்மேல் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். தினமும் மூடியைத் திறந்து இரண்டு நிமிடம் காற்று விடுங்கள், தாள் ஈரமானால் மாற்றுங்கள்.

இரண்டு மூன்று வாரத்தில் அவை தோலுரித்து இரண்டாம் நிம்ஃப், அதாவது முழுக் குஞ்சுக்கு முந்தைய பருவம் ஆகும். வயிற்றின்மேல் கரும்புள்ளி தெரியும், நடக்கவும் தொடங்கும். வயிற்றிலுள்ள கரு உணவு போதும், தீனி தேட வேண்டாம். இன்னும் மூன்று நான்கு வாரத்தில் அடுத்த உரிப்பு முடிந்தால் முடி முளைத்த முழுக் குஞ்சு, அதாவது ஸ்லிங். உரித்து ஒரு வாரம் கழித்து, கிரிக்கெட் காலைக் கிள்ளி அருகில் போடுங்கள், அல்லது பறக்காத பழ ஈ கொடுங்கள். மிச்சத்தை மறுநாளே எடுத்துவிடுங்கள்.

கர்லி ஹேர் குஞ்சுகள் முதல் சில வாரம் ஒன்றாக இருந்தாலும் அதிகம் கடித்துக்கொள்வதில்லை. அதற்குள் ஒவ்வொன்றுக்கும் தனிக் குப்பி தயாராக வேண்டும்: 30–50 மி.லி. அளவு, பாதிக்கு மேல் கோகோபீட் (தேங்காய் நார்த் துகள்), ஒரு ஓரம் மட்டும் ஈரம், மூடியில் நாலைந்து துளை. இந்த இனத்தின் ஒரே பையில் 500 குஞ்சு வந்தாலும் அதிசயமில்லை. 500 குப்பிக்கு இடமும், வாரம் ஒருமுறை அத்தனைக்கும் தீனி போட நேரமும் இருக்கிறதா? இல்லையென்றால் வாங்கிக்கொள்பவர்களை இந்த மாதமே பேசி வையுங்கள். இது சைட்ஸ் (அருகும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தம்) பட்டியலில் உள்ள இனம், நாடு விட்டு நாடு அனுமதியின்றி அனுப்ப முடியாது.

தாயை மறந்துவிடாதீர்கள். பை போனதும் வயிறு சுருங்கிக் கிடக்கும். அன்றைக்கே தண்ணீரை மாற்றி, இரண்டு மூன்று நாள் கழித்துச் சிறிய இரையில் தொடங்குங்கள். தோலுரிக்கும் முன்பே, ஆண் இல்லாமலே அது இரண்டாவது பை கட்டவும் கூடும். மிச்சம் வைத்திருந்த விந்து அதற்குப் போதும். எனவே தொட்டியின் வெளியே ஒரு தாளை ஒட்டி, பை எடுத்த தேதியையும் அடுத்துத் தோலுரிக்கும் தேதியையும் குறித்து வையுங்கள்.