கீழக்கரையிலிருந்து குல்மார்குக்கு

கேள்வி: அரையாண்டு விடுமுறையில் நானும் இரண்டு மச்சான்களும் பிள்ளைகளோடு காஷ்மீர் குல்மார்க் போய்ப் பனிச்சறுக்கு பழகலாம் என்றிருக்கிறோம். ஒரு மச்சான் துபாயில் மாலுக்குள் சறுக்கியவர், நேரே மலை உச்சிக்கே போகலாம் என்கிறார். இரண்டு நாள் போதுமா? கோட்டு, பூட்ஸ் எல்லாம் இங்கேயே வாங்கிவிடலாமா?
– ஒரு வாசகர், கீழக்கரை

பதில்: முதலில் தேதியை மாற்றுங்கள். டிசம்பர் கடைசியில் பனி இருந்தாலும் இருக்கும், இல்லாவிட்டாலும் இல்லை. 2024 ஜனவரியில் பாதி மாதம் தாண்டியும் குல்மார்க் வெறும் புல்தரையாகக் கிடந்தது. 2025-இல் பனி போதாமல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டையே பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளிவைத்தார்கள். ஜனவரி கடைசி, பிப்ரவரி என்றால் ஓரளவு நம்பிப் போகலாம். பள்ளிக்கூடத்தில் லீவு கேட்பது உங்கள் பாடு.

மச்சானிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: கூரைக்கடியில் சமன்படுத்தி வைத்த சரிவு வேறு, குல்மார்கின் அபர்வத் மலை வேறு. அங்கே ஓடும் கோண்டோலா என்ற கேபிள் காரின் இரண்டாம் கட்டம் ஏறக்குறைய 3,950 மீட்டர் உயரத்தில் கொண்டுபோய் விடும். ஏறிப் பார்த்துவிட்டு அதிலேயே இறங்குங்கள், தப்பில்லை. அங்கிருந்து சறுக்கி இறங்குவது நன்றாகப் பழகியவர்களுக்கு, அதுவும் உள்ளூர் வழிகாட்டியோடு. பனிச்சரிவு வரும் இடம் அது.

நீங்கள் பழகவேண்டியது கீழே, சின்ன மேட்டில். காலில் மாட்டும் இரண்டு சறுக்குப் பலகைகளின் முன்நுனியையும் நெருக்கி, குதிகால் பக்கம் அகட்டி, முழங்காலை மடக்கினால் வேகம் குறையும். அதுதான் பிரேக். அது கைவரவே முதல் நாள் விழுந்து எழுந்து போய்விடும், அதனால் இரண்டு நாள் பத்தாது, நாலைந்து நாள் குல்மார்கிலேயே தங்குங்கள். ஸ்ரீநகரிலிருந்து காலையில் கூட்டிப்போய் சாயங்காலம் திருப்பிவிடும் பேக்கேஜ் வேண்டவே வேண்டாம், போக 50 கிலோமீட்டர், வர 50 கிலோமீட்டர், அப்புறம் ஸ்லெட்ஜ் என்ற பனிவண்டி இழுக்கிறவரோடு பேரம் என்று பொழுது போய்விடும்.

கோட்டு, பலகை, பூட்ஸ் எல்லாம் அங்கே வாடகைக்குக் கிடைக்கும். பூட்ஸில் மட்டும் அவசரப்படாதீர்கள், முழங்காலை மடக்கும்போது குதிகால் மேலே எழும்பினால் அது உங்கள் அளவில்லை. தெர்மல் உள்ளாடை, நனையாத கையுறை, கம்பளி சாக்ஸ் இவற்றை வாங்கிக்கொண்டு போங்கள். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் விறைத்துவிடும். உச்சிவெயிலில் கடலில் வத்தைப் படகில் போனால் கண் கூசுமே, பனி அதைவிட மோசம், நல்ல கூலிங்கிளாஸ் அவசியம். சாப்பாட்டுக்குக் கவலையில்லை, அங்கேயும் சோறுதான்.

மதுரையிலிருந்து டெல்லி போய் விமானம் மாறலாம். பனி கொட்டினால் ஸ்ரீநகர் விமானங்கள் ரத்தாகும், திரும்பும்போது ஒரு நாள் கையில் வையுங்கள். நம்மூர் ப்ரீபெய்டு சிம் அங்கே வேலைசெய்யாது, ஒருவராவது போஸ்ட்பெய்டுக்கு மாறிக்கொள்ளுங்கள்.