மழை பெய்தால் வாய் மூடும் போன்

கேள்வி: மயிலாடுதுறையில் இருக்கிறோம். ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் எங்கள் லேண்ட்லைனில் முதலில் கொரகொரவென்று இரைச்சல், அப்புறம் டயல் டோனே வராது. வெளியிலிருந்து கூப்பிட்டால் எப்போதும் 'எங்கேஜ்டு'. இரண்டு நாள் வெயிலடித்தால் தானாகச் சரியாகிவிடும். லைன்மேன் வருவது அதற்குப் பிறகுதான். "நல்லாத்தானே சார் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். கடைக்காரரோ புது போன் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். வெயிலில் குணமாகும் பழுது கூடத்து மேஜையில் இருக்கும் போனில் இருக்க வாய்ப்பில்லை. வெளியே எங்கோ வயரை ஒட்டுப்போட்ட ஒரு ஜாயின்ட் நனைகிறது.

எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் இரண்டு செம்புக் கம்பிகளில் சுமார் 48 வோல்ட் எந்நேரமும் இருக்கும். ரிசீவரை எடுத்ததும் அவற்றில் கரன்ட் ஓடும். 'ஆள் வந்துவிட்டார்' என்று எக்ஸ்சேஞ்ச் டயல் டோன் கொடுக்கும். ஜாயின்டில் தண்ணீர் புகுந்தால் அதன் வழியாகவும் கரன்ட் கசியும். கசிவு கொஞ்சம் என்றால் இரைச்சல். கூடிப்போனால், நீங்கள் தொடாத ரிசீவரை எடுத்துவிட்டதாகவே எக்ஸ்சேஞ்ச் நினைத்துக்கொள்ளும். உங்களுக்கு வரும் 'எங்கேஜ்டு' அந்த வகைதான்.

எங்கள் வீட்டிலும் இதே கதை நடந்தது. சன்ஷேடுக்குக் கீழே கறுப்பு டேப் சுற்றிய ஒரு முடிச்சு. பிரித்ததும் உள்ளே பச்சைக் களிம்பு, சொட்டுத் தண்ணீர். கம்பி விரல் பட்டதும் ஒடிந்துவிட்டது. அந்த டேப் தண்ணீரைத் தடுக்கவில்லை, தேக்கி வைத்திருந்தது!

அடுத்த மழையில், போன் இறந்திருக்கும்போதே ஒரு சோதனை செய்யுங்கள். இடி மின்னல் இருந்தால் வேண்டாம். வெளி வயர் வீட்டுக்குள் வந்து சேரும் முதல் பெட்டியில், உள்ளே போகும் வயர்களைக் கழற்றிவிட்டு ஒரு போனை நேராக மாட்டிப் பாருங்கள். டோன் வந்தால் கோளாறு உங்கள் வீட்டு வயரிங்கில், எலக்ட்ரீஷியன் போதும். வராவிட்டால் பழுது வெளியே, சரிசெய்வது நிறுவனத்தின் வேலை.

புகாரையும் மழை நேரத்திலேயே, மொபைலிலிருந்து பதியுங்கள். பதிவெண்ணைக் குறித்துக்கொண்டு, 'மழையில் மட்டும் வரும் பழுது, ஈரத்தோடு லைனைச் சோதிக்கவும்' என்று சொல்லுங்கள். லைன்மேன் வந்தால், கம்பத்து டிபி பாக்ஸிலிருந்து (வீடுகளுக்கு லைன் பிரியும் பெட்டி) வீடு வரை ஒட்டுப்போடாத ஒரே டிராப் வயராக மாற்றச் சொல்லுங்கள். ஜாயின்ட் தவிர்க்க முடியாவிட்டால் தண்ணீர் புகாதபடி உள்ளே ஜெல் நிரப்பிய ஜெல்லி கனெக்டர் போடட்டும். வயர் சுவருக்குள் நுழையுமுன் கீழ்நோக்கி ஒரு வளைவு விடவேண்டும். தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். காசில்லாத இந்த வேலையைத்தான் பலரும் செய்வதில்லை.

பழுது மூன்று நாளைத் தாண்டினால் போன் வாடகையில் கழிவு உண்டு என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2009-லேயே விதி வகுத்தது, எழுதிக் கேளுங்கள். அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தொலைபேசிப் புகாரை நுகர்வோர் ஆணையமும் விசாரிக்கலாம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஃபைபருக்கு மாறலாமா என்றும் யோசிப்பீர்கள். மாறலாம், கண்ணாடி இழையில் தண்ணீர் பட்டு இப்படிக் கசிவு வராது. ஆனால் செம்பு லைனில் சாதாரண போனுக்கு வேண்டிய மின்சாரத்தை எக்ஸ்சேஞ்சே அனுப்புகிறது. ஃபைபர் பெட்டிக்கு உங்கள் வீட்டு கரன்ட் வேண்டும். மயிலாடுதுறை மழையில் அது எத்தனை மணி நேரம் இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். மாறினால் சின்ன யுபிஎஸ் ஒன்றுக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.