வைட்பேண்ட் சென்சார் ஏன் சீக்கிரம் போகிறது: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, டர்போ காரில் புகைக்குழாயில் ஆக்ஸிஜனை அளந்து காற்று-பெட்ரோல் கலவையைக் காட்டும் வைட்பேண்ட் சென்சார், போஷ் எல்எஸ்யூ 4.9, போட்டிருக்கிறேன். இது மூன்றாவது, இதுவும் போய்விட்டது. பொருளே மட்டமா?

பதில்: பொருளைக் குறை சொல்லும் முன் அதை எங்கே, எப்படி மாட்டியிருக்கிறீர்கள் என்று பாருங்கள் தம்பி. உள்ளே இருப்பது சிர்கோனியா பீங்கான், ஹீட்டர் அதை ஏறக்குறைய 780 டிகிரி செல்சியஸில் வைத்திருக்கும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் குழாயில் நீர் கோக்கும், சூடான பீங்கானில் ஒரு சொட்டு தெறித்தாலே விரிசல்தான், வெளியே பார்த்தால் ஒன்றுமே தெரியாது. அதனால் கிடைமட்டத்திலிருந்து குறைந்தது 10 டிகிரி சாய்வாக, முனை கீழே பார்க்கும்படி மாட்டுங்கள். குழாயின் அடிப்பக்கம் வேண்டவே வேண்டாம். டர்போவுக்கு முன்னால் இருக்கிறதா? அங்கே சூடும் அதிகம், அழுத்தம் ரீடிங்கையும் கெடுக்கும். டர்பைனை, அதாவது டர்போவில் புகை சுழற்றும் சக்கரத்தைத் தாண்டித் தள்ளிப் போடுங்கள். புகையின் வெப்பம் தொடர்ந்து 930 டிகிரிக்கு மேல் போனால் இந்தச் சென்சார் நிற்காது.

கேள்வி: டியூனிங் முடிந்து, ரீடிங் காட்டும் கேஜைக் கழற்றிவிட்டேன், சென்சார் மட்டும் குழாயில் இருக்கிறது. பரவாயில்லையா?

பதில்: கூடாது. ஹீட்டர் ஓடாத சென்சாரில் கரி அப்பிக்கொண்டே போகும். ஒன்று கரண்ட் கொடுங்கள், இல்லையென்றால் கழற்றிவிட்டு அடைப்பான் போடுங்கள்.

கேள்வி: எத்தனை கிலோமீட்டர் வரும்?

பதில்: ஈயம் கலந்த ரேஸ் பெட்ரோலா, எஞ்சின் ஆயில் குடிக்கிறதா, எவ்வளவு ரிச்சாக (பெட்ரோல் அதிகமாக) ஓட்டுகிறீர்கள் என்பதெல்லாம் தெரியாமல் ஒரு எண் சொல்ல முடியாது.

கேள்வி: அப்படியானால் டியூனிங் அன்று மட்டும் மாட்டுவதுதானே புத்திசாலித்தனம்?

இன்னொருவர்: தப்பு. பெட்ரோல் பம்ப் சோர்ந்துபோனதை எனக்குக் காட்டிக் கொடுத்ததே சென்சார்தான்.

பதில்: நான் இரண்டாமவர் பக்கம். பூஸ்டில், அதாவது டர்போ காற்றை அழுத்தும்போது, லீன் ஆனால் (பெட்ரோல் குறைந்தால்) பிஸ்டன் உருகும், அதற்கு முன்னால் சென்சார் செலவு ஒன்றுமே இல்லை. ஆனால் காட்டுவதையெல்லாம் அப்படியே நம்பிவிடாதீர்கள். மிஸ்ஃபயர் ஆனால், அதாவது சிலிண்டரில் கலவை சரியாகப் பற்றாமல் போனால், எரியாத ஆக்ஸிஜன் அப்படியே வெளியே வரும், கேஜ் லீன் என்று சொல்லும். அதைப் பார்த்துப் பெட்ரோலைக் கூட்டினால் பிளக் இன்னும் நனையும், கரியும் ஏறும், கடைசியில் சென்சார் கெட்டதென்று வாங்கப் போவீர்கள். எக்ஸாஸ்ட் கேஸ்கெட்டில் கசிவு இருந்தாலும் இதே கதைதான். முதலில் இவை இரண்டையும் பாருங்கள்.

கேள்வி: சிலிகான் சீலன்ட் போடலாமா?

பதில்: சென்சாருக்கு ஆகாத சிலிகானின் ஆவி முனையில் படிந்து மூடிவிடும். மரை இறுகிப் பிடிக்காமலிருக்கப் பூசும் ஆன்டி-சீஸ் பசை மரையில் மட்டும், முனையில் படவே கூடாது.

கேள்வி: என் 4.9 எத்தனை கிலோமீட்டர் ஓடும்?

பதில்: மேலே சொல்லியிருக்கிறேன், படியுங்கள். எஞ்சின் ஓடும்போது ஹீட்டருக்குக் கரண்ட் போகிறதா என்றும் பாருங்கள், கரண்ட் இல்லாமல் குழாயில் விடாதீர்கள்.

கேள்வி: வயர் எட்டவில்லை, கனெக்டரை வெட்டி நீட்டலாமா?

பதில்: வெட்டாதீர்கள். அந்தச் சென்சாருக்கென்றே அளந்து வைத்த ரெசிஸ்டர் அந்தக் கனெக்டருக்குள்தான் இருக்கிறது. சென்சாரை இயக்கும் பெட்டியான கன்ட்ரோலர் பக்கத்துக் கேபிளை நீளமானதாக மாற்றுங்கள்.