பௌதிகவியலை விட்டுவிடவா, டீச்சர்?

கேள்வி: உயர்தரம் உயிரியல் பிரிவில் படிக்கிறேன். பரீட்சைக்கு ஆறு மாதம் இருக்கிறது. கடைசித் தவணையில் உயிரியல் 68, இரசாயனவியல் 54, பௌதிகவியல் 29. பௌதிகவியல் சேர் மாற்றலாகிப் போனபின் நாலு மாதம் யாரும் வரவில்லை. விவசாய விஞ்ஞானத்துக்கு மாறினால் 60 லேசாக வரும் என்கிறார்கள் கூட்டாளிகள். அப்பாவுக்கு நான் டாக்டராக வேண்டும். எனக்கும் ஆசைதான், ஆனால் பயமாக இருக்கிறது. விடைத்தாளையும் அனுப்புகிறேன்.
- மாணவி, பொகவந்தலாவை

பதில்: மகள், விடைத்தாளை அனுப்பியது நல்லதாய்ப் போயிற்று. 29 என்று மட்டும் எழுதியிருந்தால் நானும் "மாறிவிடு" என்றுதான் சொல்லியிருப்பேன்.

வேணியர் அளவுகோல் வாசிப்பைப் பிழையில்லாமல் எடுத்திருக்கிறாய். அலைகளில் பாதிக்கு மேல் சரி. ஓட்ட மின்னியலில் இருந்துதான் தாள் வெறுமையாகக் கிடக்கிறது. சேர் இல்லாத நாலு மாதத்தில் நடந்திருக்க வேண்டிய பாடம் அதுதானே? மின்னழுத்தத்தை ஒப்பிடும் அழுத்தமானி பற்றிய கேள்விக்கு மின்சுற்றை வரைந்துவிட்டு அழித்திருக்கிறாய். தாளை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன், கோடு தெரிகிறது. அந்தச் சுற்று சரி, மகள். ஏன் அழித்தாய்?

மாறாதே. மருத்துவ பீடத்துக்கு உயிரியல், இரசாயனவியலோடு பௌதிகவியலும் கட்டாயம். விவசாய பீடத்துக்குப் பௌதிகவியலோடும் போகலாம். உன் ஆசையை வைத்துப் பார்த்தால், மாறுவதால் ஒரு கதவு மூடுகிறது, புதிதாய் எதுவும் திறக்கவில்லை.

"60 லேசு" என்ற பேச்சையும் நம்பாதே. பல்கலைக்கழகம் பார்ப்பது இசட் புள்ளியை. அந்தப் பாடத்தை எழுதிய எல்லோருடைய சராசரியோடும் உன் புள்ளியை ஒப்பிட்டுத்தான் அது வரும். எல்லோருக்கும் 60 லேசு என்றால் உன் 60 உன்னை மேலே தூக்காது. இரண்டு வருஷப் பாடத்திட்டத்தை ஆறு மாதத்தில் முதல் பக்கத்திலிருந்து தொடங்கவும் வேண்டும். விவசாய விஞ்ஞானத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. கரட்டும் லீக்ஸும் விளைகிற மாவட்டத்துப் பிள்ளை நீ, அதன்மேல் ஆசை என்று எழுதியிருந்தால் என் பதிலே வேறு. நீ எழுதியது பயத்தைப் பற்றி.

நானும் ஒருமுறை மாறினேன். இணைந்த கணிதம் கற்பித்தவர் இடையில் போய்விட்டார். கடைசி ஆறு மாதத்தில் உயிரியலுக்குத் தாவி, கூட்டாளியின் கொப்பியைத் தோட்டத்து லயத்துக் குப்பி லாம்பு வெளிச்சத்தில் பிரதி பண்ணினேன். தவளையின் இதயப் படத்தை வரைந்தேனே தவிர, இரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கேட்க ஆளில்லை. அந்த வருஷம் இரண்டு பாடம்தான் சித்தி. அம்மா காலைப் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கொடுக்க, போகுமுன் பெறுபேற்றுத் தாளை மடித்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. கணிதத்தில் எங்கே புள்ளி போகிறது என்று அன்று யாராவது என் விடைத்தாளைத் திறந்து பார்த்திருந்தால் போதும்.

உன் வேலை இதுதான். இந்த மாதம் ஓட்ட மின்னியல் மட்டும். பாடசாலையில் ஆளில்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அட்டனுக்குப் போய் அந்த அலகை மட்டுமாவது யாரிடமாவது கேட்டுப் படி. அதற்கு அப்பாவிடம் பஸ் காசு கேட்கக் கூச்சப்படாதே. பிறகு இலத்திரனியல். பத்து வருஷக் கடந்தகால வினாத்தாள்களில் பல்தேர்வு 50ஐயும் இரண்டு மணித்தியாலம் கணக்குவைத்துச் செய். பல்கலைக்கழக இடங்களில் 55 வீதம் மாவட்ட அடிப்படையில் போகிறது, பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலும் 5 வீதம், அதில் உன் நுவரெலியாவும் இருக்கிறது. இந்த முறை தவறினாலும் மூன்று முறை வரை எழுதலாம். மூன்று பாடமும் ஒரே தடவையில் சித்தியாக வேண்டும், அவ்வளவுதான்.

விடைத்தாளைத் தபாலில் திருப்பி அனுப்புகிறேன். அழித்த இடத்தில் நான் ஒன்றும் எழுதவில்லை. அந்தச் சுற்றை நீயே பேனாவால் வரைந்து எனக்கு அனுப்பு.